ஐஸ் கிடங்கு குஸேயின் முடிச்சு

"பெல்ட் எதைம்மா பிடிச்சு வெச்சிருக்கு?"

சிஹாயா இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. அம்மா இசாகோ பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டையின் உள் நாடாவை முடிந்து, வெளி நாடாவையும் முடிந்து, பழுப்பு நிற பெல்ட்டை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு நுனிகளும் ஒரே நீளமாகத் தொங்குகின்றனவா என்று கண்ணாடியில் பார்த்தாள். குழந்தை தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்தது.

"சட்டைய நாடா பிடிச்சிருக்கு. பேன்ட்டை அதோட கயிறு பிடிச்சிருக்கு. பெல்ட்டை அவுத்தாலும் ஒண்ணும் கீழ விழாதே. அப்புறம் அது எதைப் பிடிச்சிருக்கு?"

"வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு இசாகோ செருப்பை மாட்டினாள். திரும்பி வந்தபோது குழந்தை தூங்கியிருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவளுக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

உவோசு என்ற கடற்கரை ஊரில் கராத்தே கூடம் பழைய வலைக் கிடங்கின் மாடியில் இருந்தது. அங்கே அடி உண்மையான அடி. கையில் உறை கிடையாது, நெஞ்சில் கவசம் கிடையாது. முகத்தில் குத்தக் கூடாது, அவ்வளவுதான். வாரத்தில் நான்கு நாள் மாலையில் எல்லோரும் பெல்ட் வரிசையில் நிற்பார்கள். கறுப்பு பெல்ட்காரர்கள் முன்னால், சுவரில் இருந்த சிறிய சாமி மாடத்துக்கு அருகே. அவர்களுக்குப் பின்னால் பழுப்பு, பச்சை, மஞ்சள், நீலம், ஆரஞ்சு. கடைசியில், செருப்புகள் கிடக்கும் வாசலை ஒட்டி, வெள்ளை. அந்த வாசல் வழியாகக் கடல்காற்று நேராக உள்ளே வரும். குளிர்காலத்தில் யார் எந்தப் படியில் இருக்கிறார் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். முதுகில் எவ்வளவு காற்று படுகிறதோ அவ்வளவு தூரம் இன்னும் போக வேண்டும்.

இசாகோ அந்தக் காற்றிலிருந்து ஒவ்வொரு அடியாக முன்னேறி வந்தவள். ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு படிகள். இரண்டாவது படிக்கு பெல்ட்டின் நுனியில் ஒரு தங்கநிறக் கோடு. காமபோகோ தொழிற்சாலையில் நாள் முழுவதும் அரைத்த மீன்மாவை அச்சில் உருட்டி ஆவியில் வைப்பவள், மாலையில் கையில் மீன் வாசனையோடு வந்து நிற்பாள். வீட்டில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. 'மூணு நாள் சாமியார்'. சின்ன வயதில் பியானோவைப் பாதியில் விட்டாள், மணிச்சட்டக் கணக்கை விட்டாள், தையலை விட்டாள். "இவ மடத்துல சேந்தாலும் நாலாம் நாள் வீட்டுக்கு வந்துடுவா" என்று அவள் அக்கா எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாள். இசாகோவும் கூடச் சிரிப்பாள். சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போவாள்.

கராத்தேயை அவள் விடவில்லை. ஆனால் கறுப்பு பெல்ட் மட்டும் கைக்கு வரவில்லை.

அந்தத் தேர்வின் கடைசிப் பகுதி பத்துப் பேருடன் சண்டை. ஒருவர் பின் ஒருவராகப் பத்துப் பேர் வருவார்கள், ஆளுக்கு ஒன்றரை நிமிடம், நடுவில் ஓய்வு கிடையாது. எல்லோரையும் ஜெயிக்க வேண்டும் என்பதில்லை. பத்தாவது ஆள் தலைவணங்கும்போது நிற்க வேண்டும். முதல் முறை இசாகோ ஆறாவது ஆளிடம் விழுந்தாள். இரண்டாம் முறை எட்டாவது ஆள் வரை போனாள். அங்கே அவள் பெல்ட் அவிழ்ந்தது.

உடை கலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது நேற்றுச் சேர்ந்த குழந்தைக்கும் தெரியும். ஆசிரியர் "உடை" என்பார். சாமி மாடத்துக்கும் எதிராளிக்கும் முதுகு காட்டித் திரும்பி, மண்டியிட்டு, கட்டிக்கொள்ள வேண்டும். எதிராளியும் தன் பங்குக்குத் திரும்பி, மண்டியிட்டுக் காத்திருப்பார். ஒருவர் தன்னைச் சரிசெய்துகொள்வதை மற்றவர் பார்க்கக் கூடாது. அன்று இசாகோவுக்கு மூச்சே இல்லை, மூளையும் இல்லை. மாடத்தைப் பார்த்தபடியே நின்று அவசர அவசரமாகக் கட்டினாள். கூடத்தில் யாரோ இழுத்த மூச்சு அவள் காதில் விழுந்தது. பிறகு ஒன்றும் விழவில்லை. வெட்கம்தான் அவளைத் தரையில் உட்காரவைத்தது, அடி அல்ல.

இப்போது மூன்றாம் முறை. வயது நாற்பத்திரண்டு. வலது முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இந்தக் கோடைக்குப் பிறகு சண்டையே வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இதில் விழுந்தால் பழுப்பு பெல்ட்டோடு நின்றுவிட வேண்டியதுதான். மூணு நாள் சாமியார் என்ற பெயரும் அவளோடு நின்றுவிடும்.

தேர்வு நாள் காலையில் துறைமுகத்து அம்மன் சன்னதியில் அவள் கைதட்டி வணங்கினாள். ஜெயிக்க வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. "மூச்சு மட்டும் இருக்கட்டும்" என்று கேட்டாள்.

எதிரே நின்ற பத்துப் பேரில் எட்டாவது ஆள் குஸே. ஐம்பதைத் தாண்டியவர். துறைமுகத்து ஐஸ் கிடங்கில் வேலை. ஐஸ் பாளங்களைச் சங்கிலியிலும் கயிற்றிலும் பிணைத்துப் படகுகளுக்கு இறக்குபவர். அவர் போட்ட முடிச்சு அவிழ்ந்ததை யாரும் பார்த்ததில்லை என்பது அந்தக் கரையில் ஒரு பேச்சு. இருபது வருடமாக அவர் கட்டிய கறுப்பு பெல்ட்டின் ஓரங்கள் நைந்து உள்ளே வெள்ளை நூல் தெரிந்தது. முடிச்சு மட்டும் கல்லில் செதுக்கியது போல இருக்கும்.

வரிசையில் நிற்கும்போதே அவர் இசாகோவைக் குடும்பப் பெயரால் அழைத்துச் சொன்னார்: "ஹமதானி-சான், நேத்து உங்க கம்பெனி காமபோகோ சாப்பிட்டேன். மெத்துனு இருந்துச்சு. உங்க உதையும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சா பயமே வரல."

"சாப்பிட்டுட்டு அழுதீங்களா குஸே-சான்? கண்ணுல தண்ணி வர வைக்கிற கடுகை அதுல சேத்தது நான்தான்."

"ஓஸ்" என்றார் அவர், முகத்தைத் திருப்பாமல்.

அந்தக் கூடத்தில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். வணக்கத்துக்கும் அதுவே, சரி என்பதற்கும் அதுவே. வலிக்கிறது, வலிக்கவில்லை, மன்னிக்கணும், நன்றி, எல்லாம் ஓஸ். எந்தப் பொருளில் சொன்னார் என்பது சொன்னவருக்கும் கேட்டவருக்கும் மட்டும் தெரியும்.

முதல் மூன்று பேர் வந்து போனது இசாகோவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான்காவதிலிருந்து எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல ஆயிற்று. ஆட்களின் குரல் தூரத்துப் படகிலிருந்து வருவது போலக் கேட்டது. நெஞ்சில் விழுந்த குத்து யாருடைய நெஞ்சிலோ விழுந்தது. ஐந்தாவது ஆளின் தோள்கள் மேல்நோக்கி நீண்டன, ஆறாவது ஆளின் முகம் வெயிலில் மெழுகு போல வளைந்தது. உவோசுவில் பிறந்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. இளவேனிலில் மலைப்பனி உருகிக் கடல் குளிர்ந்து கிடக்கும்போது, மேலே வெதுவெதுப்பான காற்று நின்றால், எதிர்க்கரைப் பாலமும் புகைபோக்கிகளும் தண்ணீரிலிருந்து எழும்பித் தலைகீழாக நிற்கும். ஊரே வேலையைப் போட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய்ப் பார்க்கும். கானல் தன் கண்ணுக்குள்ளேயே வந்துவிட்டது என்று இசாகோ நினைத்தாள். அது அவளுக்கு அழகாகக்கூட இருந்தது.

ஏழாவது ஆள் தலைவணங்கினார். அவளும் வணங்கினாள். நிமிர்ந்தபோது எதிரே குஸே நின்றார்.

முதல் உதை தொடையில் விழுந்தது. அவள் திருப்பி உதைத்தாள். இரண்டு குத்துகள் மார்பெலும்பில். அவள் பின்வாங்கினாள். வாய் தானாகத் திறந்துகொண்டது. வாய் திறந்தால் முடிந்தது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அடுத்த உதைக்கு உட்கார்ந்துவிடுவேன் என்று அவள் உடம்பு அவளிடம் சொன்னது. போன முறையும் இதே எட்டு.

அப்போது அவள் பார்த்தாள். குஸே அவள் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். தற்காப்புக்காக இறங்குவது போல அவருடைய இடது கை இடுப்புக்கு இறங்கிற்று. கட்டைவிரல் அந்தக் கல் முடிச்சுக்குள் நுழைந்தது. ஒரு இழுப்பு.

இருபது வருடத்து முடிச்சு வாயைத் திறந்தது. பெல்ட் அவர் காலடியில் விழுந்தது.

"நிறுத்து" என்றார் ஆசிரியர் மிசுஹாஷி. ஒரு கணம் அவருக்கே நம்பிக்கை வரவில்லை. "குஸே... உடை."

"ஓஸ்."

குஸே முதுகைக் காட்டித் திரும்பி மண்டியிட்டார். இசாகோவும் திரும்பி மண்டியிட்டாள். அவள் முகத்துக்கு நேரே கடலைப் பார்த்த சன்னல் இருந்தது. அலை உள்ளே இழுத்தது, அவளும் இழுத்தாள். அலை விட்டது, அவளும் விட்டாள். பின்னால் துணி உரசும் ஓசை மெதுவாகக் கேட்டது. குஸே பெல்ட்டை நடுவில் மடித்து அளந்தார். சுற்றினார். நுனிகள் சமமில்லை போலிருக்கிறது, பிரித்தார். மறுபடி அளந்தார்.

"குஸே, மாப்பிள்ளைக்கா கட்டுறே?" என்றார் ஆசிரியர். கூடத்தில் சிரிப்பு எழுந்தது.

"ஓஸ். பெல்ட் பழசு, சென்ஸேய்."

"ஐஸைக் கட்டுற கைக்கு இடுப்பைக் கட்ட வரல" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். இன்னும் சிரிப்பு. இசாகோ சிரிக்கவில்லை. அவள் மூச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவது மூச்சில் கானல் கலைந்து சன்னல் சன்னலாயிற்று.

எழுந்து திரும்பியதும் குஸே முன்னைவிடப் பலமாக அடித்தார். ஒரு அடியில்கூட இரக்கம் கலக்கவில்லை. இரக்கம் காட்டியிருந்தால் அது அவமானமாக இருந்திருக்கும் என்பது அவளுக்குப் புரிந்தது. அவள் நின்றாள். ஒன்பதாவது ஆளிடம் நின்றாள். பத்தாவது ஆள் தலைவணங்கியபோது அவளும் வணங்கினாள், வணங்கிய பிறகும் நின்றாள்.

வீட்டுக்கு வந்து சோற்றுக் கிண்ணத்தைக் கையில் எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தபோது, ஒன்பது வயது சிஹாயா பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"நீ சின்னதா இருந்தப்ப ஒண்ணு கேட்டியே, பெல்ட் எதைப் பிடிச்சு வெச்சிருக்குன்னு."

"கேட்டேனா?"

"மூச்சை."

சிஹாயா யோசித்தாள். "யாரோட மூச்சை?"

இசாகோ சிரிக்கப் பார்த்தாள். சிரித்தால் விலா வலித்தது.

கறுப்பு பெல்ட் தைத்து வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை முழங்காலுக்கு ஓய்வு கொடுத்து அவள் கூடத்துக்குப் போகவில்லை. ஒரு நுனியில் கூடத்தின் பெயர், மறு நுனியில் தங்க நூலில் ஹமதானி. அதைக் கட்டிக்கொண்டு முதல் நாள் அவள் முன்வரிசைக்குப் போனாள். அவள் முதுகில் காற்றே படவில்லை. குஸே நிற்கும் இடம் காலியாக இருந்தது.

அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். தேர்வில் பெல்ட் அவிழவிட்ட கறுப்பு பெல்ட்காரர் ஒரு மாதம் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் பழைய வழக்கம். யாருக்கும் நேராததால் மறந்தே போயிருந்தது. இப்போது குஸே வாசலருகே, செருப்புகளுக்குப் பக்கத்தில், வெள்ளை பெல்ட் குழந்தைகளுக்கும் பின்னால் நின்றார். பக்கத்தில் சிஹாயா. அந்த வசந்தத்தில்தான் அவளும் சேர்ந்திருந்தாள். காற்று இருவர் சட்டையையும் ஒன்றாக ஊதிப் புடைத்தது.

அன்றிரவு சாப்பிடும்போது சிஹாயா பெருமையாகச் சொன்னாள்: "குஸே-சானுக்கு நான் முடிச்சுப் போடச் சொல்லிக் குடுத்தேம்மா. ரெண்டு நுனியும் சமமா வரணும்னு சொன்னேன். நல்லாத்தான் கத்துக்கிறாரு."

"என்ன சொன்னாரு?"

"ஓஸ்னாரு."

மறுநாள் இசாகோ வேலைக்குப் போகும் வழியில் ஐஸ் கிடங்குக்குப் போனாள். குளிர் ஆவியின் நடுவே குஸே சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"குஸே-சான், அன்னைக்கு எட்டாவதுல..."

"பெல்ட் பழசு. அவுந்துச்சு. அவ்ளோதான்."

"உங்க கட்டைவிரலை நான் பாத்தேன்."

அவர் சங்கிலியை இழுத்துப் பார்த்தார். "மூச்சு முட்டுனா கண்ணுக்கு என்னென்னமோ தெரியும் ஹமதானி-சான். இந்தக் கடல்ல எதிர்க்கரையே தலைகீழா தெரியுது. அதுக்காக யாராவது அங்க போயி நிமித்தி வெக்கிறாங்களா?"

"உங்களைக் கடைசியில நிக்க வெச்சிருக்காங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் சென்ஸேய்கிட்ட சொல்லிடறேன்."

"சொன்னா என் பெல்ட்டுக்கும் ஒரு கேள்வி, உங்க பெல்ட்டுக்கும் ஒரு கேள்வி." அவர் அடுத்த பாளத்தில் சங்கிலியைச் சுற்றினார். "கடைசியில நல்லாத்தான் இருக்கு. கடல் தெரியுது. முன்னால நின்னா வெறும் சுவரு."

அவள் "ஓஸ்" என்று மட்டும் சொல்லிக் குனிந்தாள். அவர் அதற்குள் பாளத்தின் பின்னால் போய்விட்டார்.

ஒரு மாதம் முடிந்து குஸே முன்வரிசைக்குத் திரும்பினார். ஆனால் அந்தப் பேச்சு முடியவில்லை. அவர் முடிச்சைப் பற்றி ஊரில் இருந்த பெருமை, அதைப் பற்றிய கேலியாக மாறிவிட்டது. படகுக்காரர்கள் ஐஸ் வாங்கும்போது, "குஸே-சான், இது அவுந்துடாதே?" என்று கேட்பார்கள். அவரும் சிரிப்பார். கூடத்தில் யாராவது அந்தக் கேலியைச் சொல்லும்போதெல்லாம் இசாகோ பெல்ட்டின் நுனியைத் தொட்டுக்கொள்வாள். கறுப்பு என்று எல்லோரும் பார்க்கும் அதன் ஒரு முழம் தன்னுடையது அல்ல என்று அவளுக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டே அவள் நல்லவளாக இருக்க முயன்றாள். புதிதாக வந்தவர்கள் மூச்சு வாங்கினால் பார்க்காதது போலத் திரும்பிக்கொள்வாள். தண்ணீர்க் குவளையைச் சன்னலோரம் நிரப்பி வைத்துவிட்டு, யார் வைத்தது என்று கேட்டால் தெரியாது என்பாள். மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் பாரத்தை இறைவன் இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் இறக்கிவைக்கிறான் போலும்.

ஐந்து வருடம் போயிற்று. ஒரு பனிக்காலத்தில் குஸேவுக்கு மூளையில் ரத்தம் கட்டியது. இடது பக்கம் தளர்ந்துவிட்டது. ஐஸ் கிடங்கில் வேறு ஆள் வந்தார். கூடத்துச் சுவரில் அவர் பெயர் எழுதிய மரப்பலகை அதே இடத்தில் தொங்கியது, ஆனால் அவர் வரவில்லை. பார்க்கப் போனவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். "தூங்குறாருன்னு அவங்க வீட்டம்மா சொல்றாங்க. எப்பப் போனாலும் தூங்குறாரு" என்றார் ஆசிரியர்.

ஏப்ரல் கடைசியில் ஒரு மதியம். தொழிற்சாலையின் சன்னல் வழியாக யாரோ கத்தினார்கள், கானல் எழும்பியிருக்கிறது என்று. மேலாளரே கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். இசாகோவும் கடற்கரைச் சுவருக்கு வந்தாள்.

கரை முழுக்க ஆட்கள். எல்லோரும் கடலைப் பார்த்து நின்றார்கள். எதிர்க்கரைப் பாலம் தண்ணீரிலிருந்து மேலே இழுபட்டு, வெள்ளைத் தூண்களாக, கண்ணாடிச் சுவராக, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

அவர்களுக்குப் பின்னால், சுவரை ஒட்டிய நடைபாதையில், ஒருவர் கைத்தடி ஊன்றி நடந்துகொண்டிருந்தார். குஸே. அவர் மட்டும் கடலைப் பார்க்கவில்லை. ஊர் முழுதும் முதுகைக் காட்டி நிற்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்து நடக்க வந்திருக்கிறார் என்று இசாகோவுக்கு உடனே புரிந்தது. நடைபாதையின் முடிவில் சிவப்புக் கலங்கரை விளக்கு. இருநூறு அடி இருக்கும்.

அவர் அவளைப் பார்த்துவிட்டார். தோளை நிமிர்த்தினார். நிற்கவில்லை. இரண்டு அடி, மூன்று அடி. அவர் வாய் திறந்துகொண்டதை அவள் கண்டாள்.

இசாகோ அவருக்கு முன்னால் நான்கைந்து அடி நடந்தாள். பிறகு அவருக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டாள். நன்றாகக் கட்டியிருந்த ஷூ லேஸுக்குள் கட்டைவிரலை நுழைத்து இழுத்தாள்.

"அவுந்துடுச்சு" என்றாள், தரையைப் பார்த்தபடி. "லேஸ் பழசு."

பின்னால் கைத்தடி நின்றது. பிறகு கைத்தடியின் நுனி கல்லில் உரசிற்று. அவரும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். அவள் லேஸின் இரண்டு நுனிகளையும் அளந்தாள். சமமில்லை. பிரித்தாள். மறுபடி அளந்தாள். அலை உள்ளே இழுத்தது. அவருடைய மூச்சும் இழுத்தது. அலை விட்டது. அவள் எண்ணினாள், பன்னிரண்டு வரை.

எழுந்து நடந்தாள். பின்னால் கைத்தடி நடந்தது.

கலங்கரை விளக்குவரை அந்த லேஸ் ஆறு முறை அவிழ்ந்தது. கரையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.